முடிவை மட்டும் கேட்காதீர்கள்: எங்கள் சனிக்கிழமைப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் நாலறை வீட்டில் ஒரு பழைய படம் ஓடும். பெரும்பாலும் குற்றப்படம். இல்லையென்றால் நாவலையோ சிறுகதையையோ எடுத்துக் கொஞ்சம் கோணலாகத் திருப்பிப்போட்ட படம். பத்துப் பேர் வருவோம். சோபாவில் நாலு பேர், மற்றவர்கள் பாயில். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தட்டித் தட்டி என் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். நான் விமர்சகன் இல்லை, முப்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். இங்கே இருப்பதெல்லாம் என் சொந்த அபிப்பிராயம். சண்டை போட வேண்டுமென்றால் சனிக்கிழமை வாருங்கள்.

எப்போது பார்த்தாலும் கொலைதானா? மனதுக்கு இதமாக ஒரு குடும்பப் படம் போடக் கூடாதா?

இதை முதலில் கேட்டது என் மனைவி. இருபது வருஷமாகக் கேட்கிறாள். ஒரு படத்தையும் தவறவிடாமல் பார்க்கவும் செய்கிறாள்.

எனக்குக் கொலையில் ஆர்வம் கிடையாது. ரத்தம் தெறித்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள்தான் நானும். நான் பார்ப்பது பொய் சொல்கிற முகத்தை. குடும்பப் படத்தில் ஒருவர் அழுதால் அழுகிறார், அவ்வளவுதான். குற்றப்படத்தில் ஒருவர் அழுதால், இது நிஜ அழுகைதானா என்று சோபா நுனிக்கு வந்துவிடுகிறோம். கொலையாளி யார் என்பது முதல் தடவையோடு தீர்ந்துபோகிற சமாச்சாரம். வேடிக்கையே இரண்டாம் தடவையில்தான். ஆள் யாரென்று தெரிந்த பிறகு, முதல் காட்சியில் அவர் எப்படிச் சிரித்தார், யார் கண்ணைப் பார்க்காமல் பேசினார் என்று நிதானமாகக் கவனிக்கலாம். அதனால்தான் சில படங்களை இரண்டு, மூன்று தடவைகூடப் போடுகிறோம். பட்ஜெட் பிரச்சினை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இதெல்லாம் நான் பார்த்ததே இல்லை. எதில் தொடங்கலாம்?

‘அந்த நாள்’. 1954இல் ஏவிஎம் எடுத்தது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணை பாலசந்தர் என்றால் தெரியும். ராஜன் என்கிற ரேடியோ எஞ்சினியராக வரும் சிவாஜி படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் செத்துப்போகிறார். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த நேரம் அது. சிவாஜி பேசுவதைக் கேட்கக் காசு கொடுத்து வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் சிஐடி அதிகாரியாக ஜாவர் சீதாராமன் வருகிறார். திரைக்கதை வசனமும் அவர்தான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, அக்கம்பக்கத்தார் என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு புது ராஜன் வருகிறான்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்த ரகசியம். ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகாவா 1922இல் எழுதிய ஒரு சிறுகதையில், ஒரே கொலையைப் பற்றி ஆளுக்கொரு வாக்குமூலம் தருகிறார்கள். செத்தவனின் ஆவி உட்பட. இயக்குநர் குரோசாவா அதை 1950இல் ‘ராஷோமோன்’ என்று எடுத்தார். பாலசந்தர் அந்த வடிவத்தை மட்டும் உருவிக்கொண்டு 1943ஆம் வருஷத்துச் சென்னைக்கு வந்துவிட்டார், ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்துக்கு. ‘ராஷோமோன்’ கடைசிவரை விடை சொல்லாது. ‘அந்த நாள்’ சொல்லிவிடும். அதனால் இது ஒரு படி கீழே என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விடை தெரிந்த பிறகும் அந்தத் தம்பி சொன்ன ராஜனை நம்மால் அழிக்க முடிவதில்லை. ஒரே ஆள் அத்தனை பேராகவும் இருந்திருக்கிறான்.

ஒரு தடவை நண்பரின் அம்மாவும் வந்திருந்தார். தொண்ணூற்று இரண்டு வயது. ஜப்பான்காரன் காலத்தைச் சிங்கப்பூரில் இருந்தே பார்த்தவர். குண்டு விழுந்த பரபரப்பைக் காட்டியதும், “மெட்ராசுல ஒரு குண்டுக்கே இந்தக் கூத்தா” என்று சிரித்தார். அதற்கப்புறம் படத்தில் யாருக்கும் கவனம் இல்லை. அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம்.

அதில் பாட்டே இல்லையாமே?

இல்லை. யாரும் தேடவும் இல்லை. பாட்டுதான் வேண்டுமென்றால் அதே பாலசந்தரின் ‘பொம்மை’ (1964) இருக்கிறது. பேசும் பொம்மைக்குள் குண்டு, அது கை மாறி மாறிப் போகிறது. யேசுதாஸின் குரலைத் தமிழ் ரசிகர்கள் முதலில் கேட்டது இந்தப் படத்தில்தான். படம் முடிந்ததும், அதில் வேலை செய்தவர்களையே திரையில் நிறுத்தி அறிமுகம் செய்துவைக்கிறார் இயக்குநர். அதற்காகவே எழுந்து போகாமல் இருங்கள்.

பழைய தமிழ்க் குற்றப்படங்களில் சிங்கப்பூர் வருகிறதா?

வருகிறது, குற்றத்தின் வேராகவே. ‘புதிய பறவை’ (1964). சிவாஜி பிலிம்ஸின் முதல் தயாரிப்பு, தாதா மிராசி இயக்கம். கோபால் (சிவாஜிதான்) சிங்கப்பூரிலிருந்து ஊருக்குக் கப்பலில் திரும்புகிறான். கப்பலில் சரோஜாதேவியைச் சந்திக்கிறான். கோபாலுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாள், சித்ரா. சௌகார் ஜானகி. சிங்கப்பூரில் ஒரு கிளப்பில் பாடிக்கொண்டிருந்தவள். ரயிலில் அடிபட்டுச் செத்துவிட்டாள் என்கிறான். அந்தச் சித்ராதான் ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள்.

மூலம் 1958இல் வந்த ‘சேஸ் எ குரூக்கட் ஷேடோ’ என்கிற ஆங்கிலப் படம். அதில் ஸ்பெயினில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம், செத்துப்போன உன் உடன்பிறந்தவன் நான்தான் என்று ஒருத்தன் வந்து ஒட்டிக்கொள்கிறான். 1963இல் வங்காளத்தில் ‘சேஷ் அங்கா’ ஆயிற்று, அங்கிருந்து தமிழுக்கு வந்தது. பயப்படுகிற ஆள் ஆணாகிவிட்டான், வந்து நிற்பவள் மனைவியாகிவிட்டாள். இந்த ஒரு மாற்றத்தில் கதையின் எடையே கூடிவிட்டது. உடன்பிறந்தவனை மறுத்தால் சொத்துத் தகராறு. தாலி கட்டியவளை மறுத்தால், நம் ஊரில் ஒருத்தனும் அவனை நம்ப மாட்டான். ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் சிவாஜி முகத்தில் ஓடுவதைக் கவனியுங்கள். மிகை நடிப்பு என்பார்கள். பொய்யைக் கட்டிக் காப்பவன் கொஞ்சம் மிகையாகத்தானே நடிப்பான்?

இந்தப் படத்தோடு எனக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. எண்பதுகளில் தேக்காவில் ஒரு கேசட் கடையில் இதை வாடகைக்கு எடுத்துவந்தேன். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். சித்ரா வந்து நிற்கிறாள், சிவாஜிக்கு வியர்த்துக்கொட்டுகிறது, போலீஸ் ஆதாரம் கேட்கிறது. திடீரென்று திரையில் கெட்டிமேளம். யாரோ ஒரு மாப்பிள்ளை கழுத்தில் மாலை விழுகிறது, பக்கத்தில் ஒரு மாமா கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார். எவரோ கடைசி அரைமணி நேரத்தின் மேல் கல்யாணத்தைப் பதிந்துவிட்டிருந்தார்கள். கடைக்காரரிடம் போனால், “வேற காப்பி இல்ல தம்பி” என்று முடித்துக்கொண்டார். இரண்டு வெள்ளியும் போயிற்று.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். “நான் தியேட்டர்லயே பார்த்திருக்கேன், சொல்றேன் கேளு” என்று முடிவைச் சொன்னார். வந்து நின்றவள் சித்ராவின் இரட்டைப் பிறவி. கோபால் ஒரு தப்பும் செய்யவில்லை. சரோஜாதேவியைக் கல்யாணம் செய்துகொண்டு அதே கப்பலில் சிங்கப்பூருக்கே திரும்பி வந்துவிடுகிறான். கப்பல் கரை சேரும்போது மழை பெய்யுமாம். மழையைக்கூட விடவில்லை மனுஷன்! ஆறு வருஷம் நான் அதை நம்பினேன். நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் டிவியில் முழுப் படத்தையும் போட்டார்கள். முடிந்ததும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். “அப்ப பார்த்த படத்துல அப்படித்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

‘ப்ரியா’ போடுவீர்களா? சிங்கப்பூரில் எடுத்த ரஜினி படமாயிற்றே?

போட்டோம். பாட்டுக்கு எழுந்து ஆடினோம். 1978 டிசம்பரில் வந்தது, எஸ்.பி. முத்துராமன் இயக்கம், ஸ்டீரியோவில் பதிவு செய்த இளையராஜா பாடல்கள், யேசுதாஸ் நம் ஊரைப் புகழும் ‘அக்கரைச் சீமை அழகினிலே’. அந்தக் காலத்துச் சிங்கப்பூரைக் கலரில் பார்க்க இதைவிடச் சந்தோஷமான வழி கிடையாது.

ஆனால் சுஜாதாவின் ‘ப்ரியா’வைப் படித்தவர்கள் பாவம். நாவல் நடப்பது லண்டனில். வக்கீல் கணேஷ் அதில் அதிகம் பேசாமல் மூளையால் வேலை செய்கிற ஆள். சினிமாவில் கணேஷ் ரஜினி, ரஜினி கையால் வேலை செய்தாக வேண்டும். சுஜாதாவுக்கே படத்தில் திருப்தி இல்லை. ஊரை மாற்றியது எனக்குக் குறையாகப் படவில்லை; லண்டனானால் என்ன, ஆர்ச்சர்ட் ரோடானால் என்ன. நாவலில் ஒவ்வொருவரும் கணேஷிடம் எதையோ மறைக்கிறார்கள். படத்தில் யாரும் எதையும் மறைப்பதில்லை, வில்லன் முதல் காட்சியிலேயே வில்லன். அங்கேதான் நாவல் கைநழுவிப் போனது. ‘காயத்ரி’ (1977) பரவாயில்லை. சுஜாதாவின் அந்த இருட்டு அதில் ஓரளவாவது மிஞ்சியிருக்கிறது.

சிங்கப்பூரில் தடை செய்திருந்த ஒரு படம் போட்டீர்களாமே?

‘செயிண்ட் ஜாக்’. இப்போது தடை இல்லை, பயப்படாதீர்கள். பால் தெரூ இங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1973இல் இந்த நாவலை வெளியிட்டார். ஜாக் ஃபிளவர்ஸ் என்கிற அமெரிக்கன் இங்கே கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கடையில் வேலை பார்க்கிறான். பக்கத் தொழில், பெண்களை ஏற்பாடு செய்வது. பீட்டர் பொக்டனோவிச் 1978இல் சிங்கப்பூர்த் தெருக்களிலேயே இதைப் படமாக்கினார். உண்மையான கதையைச் சொன்னால் அனுமதி கிடைக்காது என்று ‘ஜாக் ஆஃப் ஹார்ட்ஸ்’ என்று வேறு பெயர் வைத்து, வேறு ஏதோ கதையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1979இல் படம் வந்ததும் குட்டு உடைந்தது. 1980இல் இங்கே தடை. 2006இல்தான் நீக்கினார்கள்.

‘ப்ரியா’ வெளிவந்த அதே வருஷம் இது படமாகியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரே ஊர், இரண்டு நாவல், இரண்டு கேமரா. ஒன்றில் ஊர் பளபளவென்று வாழ்த்து அட்டை மாதிரி இருக்கிறது. இன்னொன்றில் பழைய பூகிஸ் ஸ்திரீட்டின் ராத்திரி வெளிச்சம், ஈரத் தரை, ஐந்தடிப் பாதை. இரண்டுமே நிஜ ஊர்தான்.

நாவலில் ஜாக் தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டே இருப்பான், வாய் ஓயாது. படத்தில் பென் கசாரா பேச்சைக் குறைத்துக்கொண்டு நடக்கிறார். தெருவில் எல்லாருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டே போகும் அந்த நடையில் தெரூவின் பத்துப் பக்கம் அடங்கிவிடுகிறது. ஹாங்காங்கிலிருந்து கணக்குப் பார்க்க வரும் வில்லியம் லீயாக டென்ஹோம் எலியட். இருவருக்கும் நடுவில் வளரும் நட்புதான் படம். மற்றதெல்லாம் சாக்கு.

ஒரு எச்சரிக்கை. எங்கள் வீட்டில் இதை முழுதாகப் பார்த்து முடிக்க நாலு மணி நேரம் ஆயிற்று. “நிறுத்து நிறுத்து, அது எங்கப்பா சாப்பிட்ட கடை!”

நாவலைப் படித்துவிட்டுத்தான் வர வேண்டுமா?

வேண்டாம். படித்தவர்கள் படம் ஓடும்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் படத்துக்குப் பிறகு படித்துப் பாருங்கள், குறிப்பாகப் பூமணியின் ‘வெக்கை’ (1982). வெற்றிமாறன் 2019இல் ‘அசுரன்’ ஆக்கினாரே, அது. தனுஷ் அரிவாளை எடுத்தபோது விசிலடித்தவர்களில் நானும் உண்டு. ஆனாலும் நாவலில் கொலை செய்துவிட்டு ஓடுகிற பையனும் அப்பாவும் காட்டில் எதைத் தின்பது, எங்கே படுப்பது என்று மட்டும் யோசித்துக்கொண்டு திரிகிறார்களே, அந்த அமைதி படத்தில் இல்லை. படம் அப்பாவுக்கு ஒரு பெரிய பழைய கதையை வைத்துக் கட்டியது. நாவலுக்கு அது தேவைப்படவில்லை. திரைக்குத் தேவைப்பட்டிருக்கலாம். இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

‘உதிரிப்பூக்கள்’ எப்படிக் குற்றப்படம் ஆகும்?

இதில் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து மகேந்திரன் 1979இல் எடுத்த படம். எடுத்தது என்றால், தாயில்லாப் பிள்ளைகளையும் சித்தியையும் அந்த மூச்சுமுட்டலையும் எடுத்துக்கொண்டார். மீதி அவருடையது. சுந்தரவடிவேலு என்கிற அந்த மனுஷன் கையில் கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. வெள்ளை வேட்டி, ஊரில் மரியாதை, வீட்டுக்குள் நஞ்சு. விஜயன் குரலை உயர்த்தாமலே நம்மைப் பயமுறுத்துவார்.

கடைசியில் ஊர் அவனை ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போகிறது. பாருங்கள், அங்கே யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. வெறுமனே நடக்கிறார்கள். நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்கிற காரியத்துக்கு என்ன பெயர்? நான் அதைக் கொலை என்கிறேன். என் நண்பர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், நியாயம் என்கிறார். மூன்று தடவை பார்த்தும் இருவரும் இறங்கி வரவில்லை. புதுமைப்பித்தன் இந்த முடிவை எழுதவில்லை. ஆனால் இதைப் பார்த்திருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார் என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை.

கதை புரியாமல் போய்விட்டால்?

கவலைப்படாதீர்கள். ‘தி பிக் ஸ்லீப்’ (1946) என்று ஒரு படம். ரேமண்ட் சாண்ட்லர் நாவல், ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கம், துப்பறிவாளன் மார்லோவாக ஹம்ஃப்ரி போகார்ட், கூடவே லாரன் பகால். கதையில் வரும் கார் டிரைவரைக் கொன்றது யார் என்று எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கே புரியவில்லையாம். எழுதிய சாண்ட்லரிடம் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை என்பது சினிமா உலகில் பிரபலமான கதை. படம் அதற்காக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. போகார்டும் பகாலும் ஒருவரையொருவர் நம்பாமல் பேசுகிற அந்த வசனங்களைக் கேட்டால் போதும்.

இருபத்தேழு வருஷம் கழித்து அதே துப்பறிவாளனை வைத்து ராபர்ட் ஆல்ட்மன் ‘தி லாங் குட்பை’ எடுத்தார். திரைக்கதை லீ பிராக்கெட். ‘பிக் ஸ்லீப்’ எழுதியவர்களில் ஒருவரும் இந்த அம்மாதான். இது சாண்ட்லர் பக்தர்களைக் கடுப்பேற்றிய படம். எனக்கோ தழுவல் என்றாலே நினைவுக்கு வருவது இதன் முதல் பத்து நிமிஷம். நடுராத்திரி பூனை பசியில் எழுப்புகிறது. அது சாப்பிடுவது ஒரே ஒரு பிராண்ட். கடைக்குப் போகிறான், அது இல்லை, வேறொன்றை வாங்கி வருகிறான். வந்து என்ன செய்கிறான் தெரியுமா? பூனையைச் சமையலறைக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, புது உணவைப் பழைய டப்பாவுக்குள் திணிக்கிறான். பிறகு கதவைத் திறந்து, பூனை கண்ணெதிரே பழைய டப்பாவிலிருந்து எடுத்துவைக்கிற மாதிரி வைக்கிறான். பூனை மோந்து பார்த்துவிட்டு வீட்டைவிட்டே போய்விடுகிறது. ஊர் முழுக்கப் பொய் சொல்கிறவர்களுக்கு நடுவில் சுற்றப்போகிறவன், ஒரு பூனையைக்கூட ஏமாற்றத் தெரியாதவன். இந்தப் பூனை நாவலில் கிடையாது!

லிஃப்ட் படம் ஒன்று இருக்கிறதாமே, நீங்கள் அதில் நிறுத்தி நிறுத்தி விளக்கம் சொல்வீர்களாமே?

புகாரை ஏற்றுக்கொள்கிறேன். நோயெல் காலேஃபின் நாவலிலிருந்து லூயி மால் 1958இல் எடுத்த பிரெஞ்சுப் படம். ‘தூக்குமேடைக்கு லிஃப்ட்’ என்று பெயரைச் சொல்லலாம். ஒருத்தன் தன் முதலாளியைக் கொன்றுவிட்டுக் கச்சிதமாக வெளியே வந்துவிடுகிறான். ஆனால் தொங்கவிட்ட கயிற்றை எடுக்க மறந்துவிட்டான். எடுக்கத் திரும்பிப் போகிறான், லிஃப்ட்டில் ஏறுகிறான். அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் வார இறுதிக்காக மின்சாரத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறான். கொலைகாரன் நடுவழியில் மாட்டிக்கொண்டான்.

லிஃப்ட் பிரேக்கை மின்சாரம்தான் திறந்து வைத்திருக்கும். மின்சாரம் போனால் ஸ்பிரிங் தானே பிடித்துக்கொள்ளும். அதனால் பெட்டி விழாது, அப்படியே நிற்கும். படத்தில் நடப்பது சரியே. அவன் பாக்கெட் கத்தியை வைத்துத் திருகாணிகளை நோண்டும்போது என் கையே துறுதுறுக்கும். ஆனால் இன்றைக்கு எடுத்தால் இந்தக் கதை நிற்காது. இப்போது எத்தனையோ லிஃப்ட்டுகளில் கரண்ட் போனால் பேட்டரியிலேயே பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிடும் கருவி உண்டு. கொலைகாரன் ஒரு நிமிஷத்தில் வெளியே வந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போயிருப்பான்.

வெளியே அவனைத் தேடி, அவன் காதலியாக வரும் ழான் மோரோ ராத்திரி முழுக்கப் பாரிஸில் நடக்கிறாள். பின்னால் மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட். படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே ராத்திரியில் வாசித்துப் பதிந்தது. அந்த இடத்தில் நான் விளக்கம் எதுவும் சொல்வதில்லை, சத்தியமாக.

சப்டைட்டில் படித்துக்கொண்டே படம் பார்க்க வருவதில்லை. என்ன செய்வது?

குரோசாவாவின் ‘ஹை அண்ட் லோ’வில் (1963) பழகுங்கள். ஜப்பானியத் தலைப்புக்குச் சொர்க்கமும் நரகமும் என்று அர்த்தம். எட் மெக்பெய்ன் எழுதிய அமெரிக்கப் போலீஸ் நாவல் ஒன்று யோகஹாமாவுக்கு வந்துவிட்டது. ஷூ கம்பெனியில் பெரிய ஆள் ஒருவர், குன்றின்மேல் ஏசி வீடு. அவர் மகனைக் கடத்துவதாக நினைத்து டிரைவர் மகனைக் கடத்திவிடுகிறான் ஒருத்தன். பணத்தைக் கொடுத்தால் இவர் திவால். கொடுக்காவிட்டால் டிரைவர் இவர் முன்னால்தான் நிற்கிறான், தலையைக் குனிந்துகொண்டு. முதல் பாதி முழுக்க அந்த ஒரு வரவேற்பறைதான். எழுத்தைப் படிக்கிறோம் என்பதே மறந்துவிடும். கருப்பு வெள்ளைப் படத்தில் ஒரே ஓர் இடத்தில் இளஞ்சிவப்புப் புகை கிளம்பும். அது வரும்போது எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் “ஐயோ” என்பார்.

கீழே புழுக்கத்தில் கிடப்பவன் மேலே இருக்கும் ஏசி வீட்டை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

எதிர் புளோக்கைப் பார்க்கிற மாதிரி ஒரு படம் என்றீர்களே?

ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ (1954). கார்னெல் வூல்ரிச் எழுதிய சிறுகதை. கதையில் கிரேஸ் கெல்லி மாதிரி ஒரு காதலியே கிடையாது. காலில் கட்டோடு சன்னலோரம் உட்கார்ந்தவன், எதிர்வீட்டில் கொலை நடந்ததாகச் சந்தேகப்படுகிறான். வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடியில், வளர்ந்தவர்களுக்கு இது சஸ்பென்ஸ் படம் இல்லை, தினசரி வாழ்க்கை. படம் முடிந்த அன்றைக்கு இரவு எங்கள் வீட்டில் திரைச்சீலையை இழுத்து மூடினோம்.

பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

படத்தைப் பொறுத்தது. ‘செயிண்ட் ஜாக்’ போன்றவை எம்18, பதினெட்டு வயதானவர்களுக்கு மட்டும், கேட்கவே வேண்டாம். ‘திகம்பர சாமியார்’ (1950) போடும்போது கட்டாயம் கூட்டிவாருங்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. அதில் கதாநாயகன் நம்பியார்! வில்லனாகவே பார்த்துப் பழகிய நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு அக்கிரமக்காரர்களைப் பிடிக்கிறார். அடுத்து எந்த வேடத்தில் வருவார் என்று கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ஒரு கறிபப்.

‘விசாரணை’க்குக் கூட்டிவராதீர்கள். கோவை ஆட்டோ ஓட்டுநர் சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதிய ‘லாக்கப்’ நூலிலிருந்து வெற்றிமாறன் எடுத்தது, 2015இல் வெனிஸ் விழாவுக்குப் போனது. மற்ற குற்றப்படங்களில் போலீஸ் உண்மையைத் தேடும். இதில் போலீசுக்கு வேண்டியது பொய். செய்யாத திருட்டைச் செய்தேன் என்று சொல்லும்வரை அடிக்கிறார்கள். பிழைப்புக்காக வேற்றூர் போய்ப் பூங்காவில் படுத்துத் தூங்கும் பையன்கள் அவர்கள். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு தம்பி கட்டுமான வேலைக்காகப் புதுக்கோட்டையிலிருந்து வந்தவன். அன்றைக்கு அவன் வடையைத் தொடவில்லை. கிளம்பும்போது, “அண்ணே, அடுத்த மாசம் சிவாஜி படம் போடுங்க” என்றான். போட்டோம்.

சிங்கப்பூர்த் தமிழர் எடுத்தது எதுவும் இல்லையா?

கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ (2016). சிறையிலிருந்து வெளியே வரும் ஒரு தமிழன், மன்னிக்காத அம்மா, காணாமல்போன குடும்பம். அம்மாவாக சீமா பிஸ்வாஸ். கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிட்டார்கள். பார்த்தபோது எனக்கு ஆல்பெர் காம்யூவின் ‘அந்நியன்’ ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. மெதுவான படம், பாதிப் பேர் நெளிந்தார்கள். நான் நெளியவில்லை. நம் ஊர்ப் பேச்சு, நம் ஊர் மௌனம்.

வீட்டிலேயே பார்க்க இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

பழைய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் யூடியூபில். நாவல்களுக்கு நூலகத்தின் தமிழ்ப் பிரிவு, காசே வேண்டாம். பெரிய திரையில் பார்க்க ஆசையிருந்தால் கேனிங் ரைஸில் உள்ள ஓல்டம் தியேட்டரின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். ஆசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் புதுப்பித்த பழைய படங்களை அங்கே காட்டுகிறது. அங்கே வடை கிடையாது.

‘புதிய பறவை’யை எப்போதோ பார்த்தேன், முடிவு மறந்துவிட்டது. அதை மட்டும் சொல்வீர்களா?

மாட்டேன். வேண்டுமானால் அப்பா சொன்ன முடிவைச் சொல்கிறேன், மழையோடு.